பக்கத்துக்கு ஐந்தடி

நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி இருக்கும் ஒரு சரிவில், ஐந்து சென்ட் நிலத்தை நானும் என் உதவியாளரும் டேப் பிடித்து அளந்த ஒரு டிசம்பர் காலை எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் ஆயுள் முழுக்க வேலை பார்த்த ஒருவர், ஓய்வு பெற்றதும் தோட்டம் கொடுத்த லயன் வீட்டைக் காலி செய்தாக வேண்டும் என்பதால், கையில் கிடைத்த பணத்தையெல்லாம் போட்டு அந்த இடத்தை வாங்கி, இரண்டு மகன்களுக்கும் இரண்டரை சென்ட் வீதம் எழுதிக் கொடுத்திருந்தார். ஆளுக்கு இருபதடி முகப்பு, ஐம்பத்து நான்கு அடி ஆழம். பக்கத்துக்கு ஐந்தடி இடம் விட வேண்டும் என்று கணக்கிட்டு நான் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டபோது, வீட்டுக்கென்று மிஞ்சியது பத்தடி அகலம். அதில் சுவர்களின் கனத்தையும் கழித்தால் ஒரு கட்டிலைக் குறுக்கே போட்டுவிட்டு நடப்பதற்கு வழி தேட வேண்டும். இளையவர் அந்தக் கோட்டைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சார், அண்ணன் சுவத்தோட என் வீட்டையும் ஒட்டிக் கட்டிட்டா என்ன சார் கெட்டுப்போகும்?" என்று கேட்டார். விதி இடம் தராது என்று சொன்னேன். அந்தப் பதில் விதியைப் பற்றியது. அவர் கேட்டதோ வேறொன்று என்பது வீடு திரும்பும் வழியில்தான் எனக்கு உறைத்தது.

குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையிலுள்ள ஊர்களில் கட்டட வரைபடம் வரைந்து, அனுமதிக்கு விண்ணப்பித்துக் கொடுப்பது என் தொழில். சமவெளியில் இதே தொழில் செய்பவர்களுக்கு இல்லாத ஒரு பொறுப்பு எங்களுக்கு உண்டு. 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் மாநிலம் முழுமைக்கும் பொது. அதற்கு மேல், மலைவாழ் நகரங்களுக்கென்று 1993இல் வந்த கட்டட விதிகளும், 1990 முதல் இயங்கிவரும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமமும் இங்கே இருக்கின்றன. குழுமத்தின் வரம்புக்குள் வரும் ஊரில் ஒரு மனைக்கு விண்ணப்பித்தால், கனிமவளத் துறை, வேளாண் பொறியியல் துறை, வனத் துறை என்று ஒவ்வொரு மேசையாகக் கோப்பு ஏறி இறங்க வேண்டும். கட்டடம் ஏழு மீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது. இந்தக் கட்டுப்பாடுகளின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. இவை இல்லாதிருந்தால் ஊட்டியின் கோடப்பமந்து கால்வாயின் இரு கரையும் இன்று என்னவாகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது.

ஆனால் சரிவில் ஒரு வீடு எப்படி நிற்கிறது என்பதையும், தாளில் ஒரு வீடு எப்படி அனுமதி பெறுகிறது என்பதையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு அடிக்கடி அமைந்தது. அவற்றில் ஒன்று என் கையெழுத்துப் பட்ட வீடு. நான்கு பக்கமும் விட வேண்டிய இடத்தை அங்குலம் பிசகாமல் விட்டு வரைந்திருந்தேன். மூன்றடி உள்ளே போனால் ஓரடி உயரும் மூன்றுக்கு ஒன்று என்ற சரிவில், முப்பதடி ஆழத்துக்குச் சமதளம் வேண்டுமென்று மேட்டைப் பத்தடி செங்குத்தாக வெட்டி, பின்புறம் கல்கட்டுத் தடுப்புச் சுவர் எழுப்பினார்கள். தண்ணீர் வடியச் சுவரில் பிவிசி குழாய்கள் வைத்திருந்தார்கள். வெளியிலிருந்து பார்க்க அவை வரிசையாகவும் சுத்தமாகவும் இருந்தன. சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்பாமல், வெட்டிய களிமண்ணையே திரும்பத் தள்ளி மூடியிருந்ததை நான் பார்க்கவில்லை. நான் போவதற்குள் மண் நிரப்பியாகிவிட்டது, நானும் தோண்டிப் பார்க்கச் சொல்லவில்லை. அடுத்த வடகிழக்குப் பருவமழையில், ஒரு மாலை, சமையலறைக் கதவு நிலையில் சிக்கிக்கொண்டு சாத்த மறுத்திருக்கிறது. வீட்டிலிருந்த மூதாட்டி அது நல்ல அறிகுறி இல்லை என்று சொல்லி எல்லோரையும் பக்கத்து வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். இரவு சுவர் வயிறு தள்ளிச் சமையலறையின் மேல் சரிந்தது. மறுநாள் நான் போய் நின்றபோது குழாய்களின் வாயில் களிமண் உறைந்து அடைத்துக்கொண்டிருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அவற்றின் வழியாக வந்திருக்கவில்லை. கோப்பில் அந்த வீட்டில் எந்தக் குறையும் இல்லை. உயிர் தப்பியது அந்த மூதாட்டியின் அறிவால். என் வரைபடத்தால் அன்று.

அதற்குப் பிறகு நான் வெட்டுமண்ணைக் கணக்கிடத் தொடங்கினேன். கணக்கு எளியதுதான். அதே மூன்றுக்கு ஒன்று சரிவில், இருபதடி அகலமும் முப்பதடி ஆழமுமாக மேட்டுக்குள் நுழையும் அறுநூறு சதுரடித் தளத்துக்கு, முழுவதையும் வெட்டியே எடுத்தால், மூவாயிரம் கன அடி மண் வெளியேறும். நூறு கன அடியை ஒரு யூனிட் என்னும் எங்கள் வழக்கில் முப்பது யூனிட். அதே அறுநூறு சதுரடியை, சரிவின் ஒரே மட்டத்தை ஒட்டி நாற்பதடி நீளம், பதினைந்தடி ஆழம் என்று கிடையாக அமைத்தால் பதினைந்து யூனிட் போதும். வெட்டின் உயரமும் பத்தடியிலிருந்து ஐந்தடியாகக் குறைகிறது. ஐந்தடிச் சுவர் இடிந்தால் மண் அள்ள வேண்டும். பத்தடிச் சுவர் இடிந்தால் ஆளைத் தேட வேண்டும். ஆனால் குறுகிய முகப்புள்ள சிறு மனைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிறுத்தச் சொல்லும்போது, வீடு வேறு வழியில்லாமல் மேட்டைக் குடைந்து உள்ளே போகிறது. இரு வீடுகளுக்கு நடுவே விடப்பட்ட பத்தடிச் சந்தில் இரு கூரைத் தண்ணீரும் விழுந்து, கீழ்வீட்டின் அடித்தளத்தை அரிக்கிறது. காற்றும் வெளிச்சமும் வருவதற்காகச் சமவெளியில் ஏற்பட்ட இடைவெளி, இங்கே மழையில் ஓடையாகிவிடுகிறது.

எங்கள் மலையில் இதற்கு மாற்று புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இம்மலையின் படுகர் மக்கள் வாழும் ஊர்களான ஹட்டிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரே மட்டத்தில் நீளமாகச் சமன்செய்த ஒரு தளம், அதன்மேல் சுவரோடு சுவராக ஒட்டிய வீடுகளின் வரிசை, முன்னால் எல்லோருக்கும் பொதுவான முற்றம், அதற்குக் கீழே அடுத்த வரிசை. பழைய ஹட்டி ஒன்றில் ஒரு வீட்டைப் பழுதுபார்க்க அழைத்தபோது, அந்த வரிசையின் பின்புறம் முழுவதையும் நடந்து பார்த்தேன். வீடுகளுக்குப் பின்னால் ஒரே ஒரு கல் வாய்க்கால். வரிசையின் தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஓடி, ஊருக்கு வெளியே ஒரு பள்ளத்தில் தண்ணீரை விடுகிறது. மழைக்கு முன் அதைத் தூர் வாருவது அந்த வரிசையில் இருக்கும் எல்லோருடைய வேலை என்று வீட்டுக்காரர் சொன்னார். உயரம் இல்லாமல் நெருக்கம் மட்டும் கொண்ட குடியிருப்புக்கு இதைவிடத் தெளிவான மாதிரி எனக்குத் தெரியவில்லை. நம் நகரமைப்பு விதிகளிலும் கடைவீதிகளைத் தொடர் கட்டடப் பகுதி என்று அறிவித்துச் சுவரோடு சுவராகக் கட்ட இடமளிக்கும் ஏற்பாடு இருக்கிறது. நான் கையாண்ட கோப்புகளில் அது சரிவில் இருக்கும் ஏழைக் குடியிருப்பு எதற்கும் கிடைத்ததில்லை.

இதையெல்லாம் எங்கள் பகுதிச் சமுதாயக் கூடத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் பேசும்படி என்னைக் கேட்டார்கள். நிலப்பயன்பாட்டு விதிகளைத் திருத்த வேண்டுமா, ஊருக்குள் நெருக்கமாகக் கட்ட அனுமதிக்க வேண்டுமா என்பதுதான் பேச்சு. படித்துவிட்டு வந்த ஓர் இளம் பொறியாளர் வெளிநாட்டு அனுபவங்களை எடுத்து வைத்தார். ஒரு மனைக்கு ஒரு குடும்ப வீடு மட்டுமே என்று ஒதுக்கிவைக்கும் மண்டல முறைக்கு, யூக்ளிட் என்ற புறநகர் தொடர்பான வழக்கில் 1926இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புதான் பலம் சேர்த்தது; அந்த நாட்டிலேயே மினியாபொலிஸ் நகரம் 2018இல் நிறைவேற்றிய திட்டத்தின்படி, தனி வீடு மட்டுமே இருந்த பகுதிகளில் மூன்று குடும்பங்கள் வரை வசிக்கும் கட்டடங்களை அனுமதித்தது; நியூசிலாந்தின் ஆக்லாந்து 2016இல் தன் குடியிருப்பு நிலத்தின் பெரும்பகுதியில் கூடுதலாகக் கட்டும் உரிமையைக் கொடுத்தது என்றெல்லாம் சொன்னார். தமிழ்நாட்டிலும் 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த விதிகள் சாதாரணக் கட்டடங்களுக்கான தளப்பரப்புக் குறியீட்டை, அதாவது மனைப்பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்ற அளவை, ஒன்றரையிலிருந்து இரண்டாக உயர்த்தியதைச் சேர்த்துக்கொண்டார். நன்றாகவே பேசினார். ஆனால் மினியாபொலிஸ் தட்டையான நிலத்தில் இருக்கிறது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதும், அந்த வாரத்தில் மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மண்ணில் புதைந்து மாண்டதும் அந்தக் கூடத்தில் இருந்த பலருக்கு நேரில் தெரிந்த செய்தி. மாவட்ட நிர்வாகம் அபாயப் பகுதிகளாகப் பட்டியலிட்ட 283 இடங்களில் ஒன்றுக்கு அருகில் குடியிருப்பவரிடம் தளப்பரப்புக் குறியீட்டைப் பற்றிப் பேசினால் அவர் முதலில் மேலே இருக்கும் மேட்டைத்தான் பார்ப்பார்.

எதிர்த்துப் பேசியவர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் சொன்னதை நான் மறக்கவில்லை. உள்ளூர்க் குடும்பங்களின் பெயரைச் சொல்லி விதியைத் தளர்த்துவீர்கள், தளர்ந்த விதியில் முதலில் நுழைவது வெளியூர்ப் பணமாகத்தான் இருக்கும் என்றார். அவர் சொன்னது உண்மை என்பதற்கு என்னிடமே சான்று இருக்கிறது: வீடு என்று வரைந்து கொடுத்த கட்டடங்களில் சில, இரண்டே ஆண்டுகளில் பெயர்ப்பலகை மாட்டிய தங்கும் விடுதிகளாக நின்றதைக் கண்டிருக்கிறேன். மக்கள்தொகைக் கணக்கும் அவர் பக்கமே பேசுகிறது. நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை 2001இல் 7,62,141, 2011இல் 7,35,394. ஊட்டி நகராட்சியில் அதே காலத்தில் 93,987 பேர் 88,430ஆகக் குறைந்தார்கள். நாங்கள் வரைபடம் போட்டுக் களைத்துப்போன பத்து ஆண்டுகள் அவை. ஊரில் ஆள் குறையக் குறையக் கட்டடம் பெருகியது என்றால், அந்த வீடுகள் யாருக்காக எழுந்தன என்று கேட்கும் உரிமை அந்த ஆசிரியைக்கு இருக்கிறது. பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியான விலை கிடைக்காத சிறு விவசாயி தோட்டத்தைச் சென்ட் கணக்கில் விற்கிறார். வாங்குபவர் ஆண்டுக்குப் பதினைந்து நாள் வந்து தங்குகிறார். லயன் வீட்டில் பிறந்த பிள்ளையோ வாடகைக்கு வீடு கிடைக்காமல் மேட்டுப்பாளையத்துக்கோ கோவைக்கோ இறங்கிப் போகிறான்.

ஆகவே என் முறை வந்தபோது நான் சொன்னது இதுதான். தேயிலைச் சரிவுகளில் புதிய வெட்டுக்கு ஓர் அடிகூட இடம் கொடுக்க வேண்டாம். ஏழு மீட்டர் உயரத்தைக் கூட்ட வேண்டாம். ஏற்கெனவே வெட்டிச் சமன்செய்து, சாலையும் தண்ணீர்க் குழாயும் போய்ச் சேர்ந்த ஊர்ப்பகுதிகளில், சரிவின் மட்டத்தை ஒட்டி, பொதுச் சுவரோடு வரிசை வீடு கட்ட அனுமதியுங்கள். பக்க இடைவெளியைக் கேட்பதற்குப் பதிலாக வெட்டின் உயரத்தையும் மண்ணின் அளவையும் கேளுங்கள். அந்த வரிசையில் இருப்பவர்கள் அங்கேயே வசிக்க வேண்டும், விடுதியாக மாற்றினால் அனுமதி ரத்தாக வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். கழிவுநீர் விஷயத்தில் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. பாதாளச் சாக்கடை எட்டாத தெருவில் மேல்வரிசையின் உறிஞ்சுகுழி கீழ்வரிசையின் பின்சுவரை நனைத்துக்கொண்டே இருக்கும். அத்தகைய தெருவில் எத்தனை ஏழையானாலும் நெருக்கமாகக் கட்டச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. முதலில் குழாயைக் கொண்டுவரச் சொல்லி நானும் அவர்களோடு மனுக் கொடுக்கத் தயார் என்றேன்.

அந்த அண்ணன் தம்பி மனைக்கு நான்கு வீட்டு வரிசையாக ஒரு மாதிரி வரைபடம் போட்டு எடுத்துப் போயிருந்தேன். அவர்களுடைய நாற்பதடி முகப்போடு பக்கத்து மனையின் நாற்பதடியையும் சேர்த்து, ஒரே தளம், ஒரே பின்சுவர், நடுவில் மூன்று பொதுச் சுவர்கள். கூட்டம் முடிந்ததும் பக்கத்து ஹட்டியைச் சேர்ந்த ஒரு பெரியவர் அந்தத் தாளை மேசையில் விரித்து, விரலை வைத்து மெதுவாக மேலிருந்து கீழே இழுத்துப் பார்த்தார். "தம்பி, எல்லாம் சரி. மேல இருந்து வர்ற தண்ணி எங்கே போகும்னு இதுல காணோமே" என்றார். பார்த்தேன், பின்சுவரையும் அதிலுள்ள குழாய்களையும் வரைந்திருந்தேன், அதற்குப் பின்னால் ஓட வேண்டிய வாய்க்காலை வரையவில்லை. அது கடைசி வீட்டைத் தாண்டி யாருடைய நிலத்தின் வழியாகப் போக வேண்டும் என்பதையும் நான் யோசித்திருக்கவில்லை. மறுநாள் நில அளவைப் புலப்படத்தை எடுத்துக்கொண்டு, மழை விடுவதற்குக் காத்திராமல், அந்த மனையின் கீழ்க்கோடியில் போய் நின்றேன். தண்ணீர் எல்லையைக் கடந்து, மூன்றாவது மனைக்காரரின் கோஸ் தோட்டத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.