அப்பாவோடு எல்க் வேட்டை: டேக் எடுப்பதிலிருந்து கறிப்பெட்டி வரை

எழுபதைத் தாண்டிய அப்பாவை அமெரிக்காவின் ராக்கி மலைக்கு எல்க் எனும் பெரிய மான் வேட்டைக்கு அழைத்துப்போக நினைப்பவர்கள், பெரிய கொம்பு எந்தப் பகுதியில் கிடைக்கும் என்றுதான் முதலில் தேடுவார்கள். முதலில் பார்க்க வேண்டியது அவருடைய முழங்காலையும் மூச்சையும். எந்த மாநிலம், எந்த சீசன், குதிரையா வண்டியா, எந்த ரைஃபிள் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஆண் எல்க் சுமார் 700 பவுண்டு எடை இருக்கும். இலையுதிர் காலத்தில் பெரும்பாலும் 8,000 முதல் 11,000 அடி உயரத்தில் மேயும். அந்த உயரத்துக்கு அப்பா எப்படிப் போய்ச் சேர்வார், போன பிறகு எப்படி இருப்பார் என்பதுதான் திட்டத்தில் பெரும்பங்கு.

டேக் என்பது ஒரு விலங்கைச் சுட மாநிலம் தரும் அனுமதிச் சீட்டு. அதில் எதிரி காலம்தான். கொலராடோவிலும் வயோமிங்கிலும் நல்ல பகுதிகளுக்குக் குலுக்கல் நடக்கும். கிடைக்காத ஆண்டுகளில், அடுத்த குலுக்கல்களில் முன்னுரிமை தரும் பிரிஃபரன்ஸ் பாயின்ட் சேர்த்துக்கொண்டே வரலாம். நாற்பது வயதுக்காரர் பத்து வருடம் பாயின்ட் சேர்க்கலாம். எழுபத்துநாலு வயதுக்காரரிடம் அதைச் சொல்வது நியாயமில்லை. குறைந்த பாயின்டில் கிடைக்கும் சுமாரான பகுதியை இந்த வருடமே எடுப்பது நல்லது.

இருவரும் ஒரே குழுவாக விண்ணப்பிக்கும் முன் யோசியுங்கள். குழுவில் யாருக்குப் பாயின்ட் குறைவோ அவருடைய எண்ணிக்கையையே கொலராடோ முழுக் குழுவுக்கும் வைத்துக்கொள்ளும். வயோமிங் சராசரி எடுக்கும். அப்பா சேர்த்து வைத்திருக்கும் பாயின்டை மகனின் பூஜ்ஜியம் இழுத்துவிடும். டேக் அப்பாவுக்கு மட்டும் எடுத்து, மகன் வேட்டையாடாத துணையாகப் போவதே எங்கள் பரிந்துரை. கட்டணம் குறையும், கைடின் கவனமெல்லாம் ஒருவர் மேல் இருக்கும், சுமை தூக்க ஒரு ஆளும் ஆச்சு.

காத்திருக்கவே முடியாதவர்களுக்கு நியூ மெக்சிகோ. அங்கே பாயின்ட் முறை கிடையாது. குலுக்கலில் 84 சதவீதம் உள்ளூர்க்காரர்களுக்கு, 10 சதவீதம் அவுட்ஃபிட்டரோடு (வேட்டைப் பயணத்தை ஏற்பாடு செய்து நடத்துபவர்) ஒப்பந்தம் போட்டு விண்ணப்பிப்பவர்களுக்கு, கைடு இல்லாத வெளிமாநிலத்தவருக்கு 6. குலுக்கலே வேண்டாம் என்றால், நில உரிமையாளர்களுக்கு மாநிலம் தரும் எல்க் அனுமதிகளை அவர்களிடமிருந்து விலைக்கு வாங்கலாம். விலை அதிகம்தான். ஆனால் பண்ணைக்குள் வண்டிப்பாதை இருக்கும், மதியம் அறைக்குத் திரும்பிப் படுக்கலாம். வயதானவருக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு வேறில்லை.

வயோமிங்கில், கூட்டாட்சி அரசு அறிவித்த வில்டர்னஸ் எனும் பாதுகாக்கப்பட்ட காட்டுப் பகுதிகளில் வெளிமாநிலத்தவர் கைடோ உள்ளூர்த் துணையோ இல்லாமல் பெருவிலங்கு வேட்டையாட முடியாது. கொலராடோ பற்றிய பழைய குறிப்புகளை நம்பாதீர்கள்: 2025 முதல் ஐ-25 நெடுஞ்சாலைக்கு மேற்கே வெளிமாநிலத்தவர் வில்வேட்டை டேக்கைக் கடையில் நேராக வாங்க முடியாது. விண்ணப்பத்தின் கடைசி நாள் வயோமிங்கில் பிப்ரவரித் தொடக்கம், நியூ மெக்சிகோவில் மார்ச் நடு, கொலராடோவில் ஏப்ரல் தொடக்கம். அதனால் அவுட்ஃபிட்டரோடு பேச்சை முந்தைய இலையுதிர் காலத்திலேயே ஆரம்பியுங்கள்.

அவுட்ஃபிட்டரிடம் போன வருடம் எத்தனை மான் விழுந்தது என்று கேட்பதைவிட, முகாமிலிருந்து சாலைக்கு எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். நடுராத்திரி அப்பாவுக்கு நெஞ்சு வலித்தால் யார் அழைத்துப்போவார், சாட்டிலைட் கருவி யாரிடம் இருக்கும், பக்கத்து மருத்துவமனை எங்கே? இதற்குத் தடுமாறாமல் பதில் சொல்பவரையே எடுங்கள். ஒரு கைடுக்கு ஒரு வேட்டைக்காரர் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். ஒரு கைடுக்கு இருவர் என்றால் வேகமாக நடப்பவருக்காக அப்பா ஓட வேண்டிவரும். உடல்நிலை காரணமாக ரத்தானால் முன்பணம் திரும்புமா, அடுத்த வருடத்துக்கு மாறுமா என்பதும் எழுத்தில் வேண்டும். அடிபட்டு ரத்தம் சிந்திய மான் கிடைக்காமல் போனாலும் வேட்டை முடிந்ததாகவே பல பண்ணைகளில் கணக்கு. இதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

சீசனைப் பொறுத்தவரை, அக்டோபர் நடுவில் வரும் கொலராடோவின் முதல் ரைஃபிள் சீசன் ஐந்து நாள்தான். குளிர் அவ்வளவாக இருக்காது, ஆனால் எல்க் மேலேயே இருக்கும். நவம்பர்ப் பனி அவற்றைக் கீழே தள்ளும். நடை குறையும், உட்கார்ந்து காத்திருக்கும் குளிர் கூடும். மூட்டுவலிக்காரருக்குப் பின்னது, குளிர் தாங்காதவருக்கு முன்னது.

மருத்துவரிடம் ஆறு மாதம் முன்பே போங்கள். டிரெட்மில் பரிசோதனை முதல் வேலை. உயரத்தால் வரும் மலைநோய் 8,000 அடியிலேயே ஆரம்பிக்கலாம். விமானம் இறங்கிய அன்றே முகாமுக்கு ஏறாமல், 5,000 முதல் 7,000 அடிக்குள் இரண்டு இரவு தங்குங்கள். மலைநோயைத் தடுக்க அசெட்டசோலமைடு மாத்திரையை வழக்கமாக 125 மில்லிகிராம் வீதம் நாளைக்கு இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து தருவார்கள். அது சிறுநீரை அதிகமாக்கும். ரத்த அழுத்தத்துக்கு ஏற்கெனவே நீர் மாத்திரை எடுப்பவர் என்றால் மருத்துவர் இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். முதல் இரண்டு இரவு மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டாம். அந்த உயரத்தில் ஆக்சிமீட்டர் 90ஐ ஒட்டிக் காட்டினால் பதற வேண்டியதில்லை. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல், தள்ளாடும் நடை, பேச்சில் குழப்பம் தெரிந்தால் விடியும்வரை காத்திருக்காமல் கீழே இறக்குங்கள்.

பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் அது இருக்கும் பக்கத் தோளில் துப்பாக்கி வைக்கலாமா என்று இதய மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும். சுடும்போது துப்பாக்கி பின்னோக்கி உதைப்பது பேஸ்மேக்கரின் கம்பியைப் பாதிக்கக்கூடும். இன்சுலின் உறைந்தால் பயன்படாது, உள்சட்டைப் பையில் இருக்கட்டும். குளுக்கோமீட்டரும் கடுங்குளிரில் பிழை காட்டும்.

குதிரையில் ஏறிவிட்டால் நடக்க வேண்டாமே என்பது பெரிய தப்புக்கணக்கு. முழங்காலைக் கொல்வது இறக்கத்தில் சேணத்தில் உட்கார்ந்திருக்கும் மூன்றாவது மணி நேரம். மிகச் செங்குத்தான இடங்களில் இறங்கி நடக்கச் சொல்வார்கள்; மரத்துப்போன காலோடு இறங்கும்போதுதான் பலர் விழுகிறார்கள். புறப்படும் முன் சில வாரங்கள் உள்ளூர் லாயத்தில் இரண்டு மூன்று மணி நேரச் சவாரி பழகட்டும். பல அவுட்ஃபிட்டர்கள் சவாரி செய்பவருக்கு எடை வரம்பு வைத்திருப்பார்கள், குளிர் உடையும் பூட்ஸும் சேர்த்துச் சொல்லுங்கள். தடித்த பனி பூட்ஸ் சேணத்தில் கால் வைக்கும் வளையத்தில் சிக்கினால் விழும்போது கால் வெளியே வராது, அகல வளையம் கேட்டு வாங்குங்கள். ஏறும்போது குதிரையைச் சரிவின் கீழ்ப்பக்கம் நிறுத்தி, மேட்டுப் பக்கத்திலிருந்து ஏற்றுங்கள். ரத்தம் உறையாமைக்கு மருந்து எடுப்பவருக்கு ஹெல்மெட் கட்டாயம். முகாமில் இருக்காது, கொண்டுபோங்கள்.

முகாமில் கேட்க வேண்டியவை சில்லறைதான், ஆனால் தூக்கம் அதில்தான் இருக்கிறது: முழங்கால் உயரக் கட்டில், கூடாரத்துக்குள்ளேயே இரவில் சிறுநீர் கழிக்க ஏற்பாடு, தூக்கத்தில் மூச்சுத் தடைபடாமல் காக்கும் சிபேப் இயந்திரத்துக்குப் பேட்டரி, அடுப்பு எரியும் கூடாரத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம்.

ரைஃபிளுக்கு பலமாக உதைக்கும் .300 மேக்னம் ரகத் தோட்டா வேண்டாம். .308 அல்லது 7எம்எம்-08 போதும். எல்க்குக்குக் கொலராடோ கேட்பது குறைந்தது .24 காலிபர், 85 கிரெயின் குண்டு, 100 கஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல்; இரண்டுமே அதைத் தாராளமாகத் தாண்டும். உதைக்குப் பயந்து கண்ணை மூடிச் சுடும் மேக்னத்தைவிட, நிதானமாக நுரையீரலில் இறங்கும் .308 மேல். தூரத்துக்கு 200 கஜம் எல்லை என்று கைடிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், மான் எதிரே நிற்கும்போது பேரம் பேசக் கூடாது. பயிற்சி மேசையில் வேண்டாம். மடக்கு ஸ்டூலில் உட்கார்ந்து, முக்காலியில் தாங்கி, குளிர் ஜாக்கெட்டும் கையுறையும் போட்டு நடக்கட்டும். தடித்த ஜாக்கெட்டோடு தோளில் வைக்கும் துப்பாக்கிக் கட்டை நீளமாகத் தோன்றும், ஸ்கோப்பில் பாதி இருட்டும். புரோகிரெசிவ் கண்ணாடி போடுபவர் கன்னத்தைக் கட்டையில் வைத்தால் வில்லையின் ஓரத்தால் பார்ப்பார். தூரப் பார்வைக்கு மட்டும் ஒரு கண்ணாடி செய்துகொள்ளட்டும். ரைஃபிள் சீசனில் கொலராடோவில் 500 சதுர அங்குல ஒளிர் ஆரஞ்சோ பிங்க்கோ உடலிலும், தலையில் அதே நிறத்தில் தொப்பியும் கட்டாயம்.

ஊரிலிருந்து பி2 சுற்றுலா விசாவில் வந்திருக்கும் அப்பாவுக்கு ஒரு எச்சரிக்கை. குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். மாநிலம் தந்த செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் விலக்கு உண்டு. எச்1பி மகனுக்கும் இதே விதி. ஆகவே லைசென்ஸ் கைக்கு வரும்முன் பயிற்சி மைதானத்தில்கூடத் தொட வேண்டாம். லைசென்ஸுக்கு முன்னால் ஹன்டர் எஜுகேஷன் எனும் வேட்டைப் பயிற்சிச் சான்று: கொலராடோவில் 1949 ஜனவரி 1க்கு முன் பிறந்தவருக்கு மட்டும் தேவையில்லை. ஐம்பது தாண்டியவர்கள் வகுப்புக்குப் போகாமல் தேர்வு மட்டும் எழுதலாம்.

விமானத்தில் ரைஃபிள் தோட்டா நீக்கி, பூட்டிய கெட்டிப் பெட்டியில், கவுன்டரில் அறிவித்துத்தான் போகும். தோட்டாக்கள் அட்டைப்பெட்டியில், பெரும்பாலான விமான நிறுவனங்களில் 11 பவுண்டு வரை. போய் இறங்கியதும் முகாமில் மூன்று குண்டு சுட்டுக் குறியைச் சரிபாருங்கள்.

மான் விழுந்தபின் அப்பா கத்தி பிடிக்கலாம், கால் பாகங்களைத் தூக்கக் கூடாது. ஒரு பின்னங்கால் மட்டுமே 50 பவுண்டுக்கு மேல் இருக்கும். உடனே தோலுரித்து, காற்றோட்டமுள்ள துணிப்பைகளில் நிழலில் தொங்கவிடாவிட்டால் எலும்பை ஒட்டிய கறி முதலில் கெடும். கொலராடோவில் பாலினச் சான்று (ஆணா பெண்ணா என்று காட்டும் உறுப்பு) உடலோடு ஒட்டியே இருக்க வேண்டும், கைடு மறந்தாலும் நீங்கள் மறக்காதீர்கள். எலும்பில்லாமல் 200 பவுண்டை ஒட்டிக் கறி தேறும். கறி வெட்டிப் பொட்டலம் போடும் கூலி கைடு கட்டணத்தில் சேராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கைடுக்கும் சமையல்காரருக்கும் டிப்ஸ் தனி, ரொக்கமாக.

மான்களின் மூளையைத் தாக்கும் குரோனிக் வேஸ்டிங் நோய் காரணமாக, தலையையும் முதுகெலும்பையும் முழுதாக எடுத்து வரப் பல மாநிலங்கள் அனுமதிப்பதில்லை. கறியை எலும்பு நீக்கியும், கொம்பை மண்டையோட்டுத் தகட்டோடு சுத்தம் செய்தும் கொண்டுபோங்கள். உறைந்த கறியை விமானப் பெட்டியில் அனுப்பினால் உலர்பனிக்கட்டி ஒருவருக்கு 2.5 கிலோதான், அதுவும் விமான நிறுவனத்தின் ஒப்புதலோடு. பெட்டி காற்றுப்புகாமல் மூடியிருக்கக் கூடாது. நோய்ப் பரிசோதனைக்கு மாதிரி கொடுத்திருந்தால் முடிவு வரும்வரை அந்தப் பொட்டலங்களை ஃப்ரீசரில் தனியாக வைத்து, மேலே மானின் டேக் எண்ணை எழுதிவிடுங்கள். நோய் உறுதியானால் அந்தக் கறியைச் சாப்பிட வேண்டாம் என்பது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை.