பால்மரத்து சிலுவை

நம்ம எஸ்டேட் பள்ளிக்கூடத்து பழைய மாணவர் சங்கத்துல மலருக்கு எழுதுங்கன்னு கேட்டாங்க. ஸ்போர்ட்ஸ் டே, காலையில வேலைக்கு ஆள் கூப்புடற பெரட்டு மணி பத்தியெல்லாம் மத்தவங்க எழுதுவீங்க, எனக்கு ஞாபகம் வர்றது ஒரு விறகுக்கட்டை.

1979, அஞ்சாம் வகுப்பு. மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் நம்ம எஸ்டேட்ல வயசான பால்மரத்தையெல்லாம், அதான் ரப்பர் மரம், வெட்டிட்டு புதுசா நடுற ரீபிளாண்டிங் நடந்துச்சு, தொழிலாளிங்க குடியிருந்த லயத்துல எல்லா வீட்டு அடுப்புலயும் அந்த மரந்தான். அதுல ஒரு துண்ட செதுக்கி எங்கப்பா சின்னதா ஒரு சிலுவை செஞ்சு குடுத்தாரு, பரீட்சைன்னா அத மூணு தடவ தொட்டுட்டுதான் பேனாவ எடுப்பேன், தொடலன்னா பெயிலாயிடுவேன்னு நெஜமாவே நம்புனேன்.

நமக்கு பாடம் எடுத்த சாருதான் ஞாயித்துக்கிழமை ஓய்வுநாள் பள்ளியும் நடத்துனாரு. ஒரு வாரம் கையில விறகுக்கட்டைய வச்சிகிட்டு பைபிள்ல ஏசாயா தீர்க்கதரிசி புஸ்தகம் 44ம் அதிகாரத்த சொன்னாரு. ஒருத்தன் மரத்த நடுறான், மழை அத வளக்குது, வெட்டி பாதிய எரிச்சு ரொட்டி சுடுறான், கறி சுடுறான், குளிர் காயுறான், மிச்சத்த செதுக்கி அது முன்னாடி விழுந்து நீதான் என் தெய்வம் என்ன காப்பாத்துங்கறான். எரேமியா 10ல இன்னும் இருக்கு, ஆடாம நிக்க ஆணி அடிக்கணும், நடக்காது, தூக்கிட்டுதான் போகணும். எங்களுக்கு ஒரே சிரிப்பு, நான் கோயில் பக்கத்து வீட்டு இந்து கூட்டாளி பேர சொல்லி சத்தமா கிண்டல் பண்ணேன்.

சார் சிரிக்கல. "தம்பி, பாக்கெட்ல இருக்கறத வெளிய எடு"ன்னாரு.

அப்பறம் வெண்கலப் பாம்பு கதைய சொன்னாரு. வனாந்தரத்துல பாம்பு கடிச்சு ஜனங்க செத்தப்ப கடவுளே சொல்லி மோசே செஞ்சது, அத பாத்தவங்க பொழச்சாங்க. எத்தனையோ தலைமுறை கழிச்சு பாத்தா ஜனங்க அதுக்கே தூபம் காட்டிட்டு இருக்காங்க, எசேக்கியா ராஜா ஒடச்சே போட்டுட்டாரு. கடவுள் செய்யச் சொன்னதுக்கே அந்த கதின்னா எங்கப்பா செதுக்குன கட்டை எந்த மூலைக்கு? "ஏசாயா பக்கத்து ஊர்க்காரன கிண்டல் பண்ண எழுதலடா, தன் சொந்த ஜனத்த பாத்து அழுதாரு"ன்னாரு சார். அந்த வார்த்தை இன்னும் என்ன விடல.

அன்னிக்கு சாயங்காலமே கூட்டாளி வீட்டுக்கு போயி மன்னிப்பு கேட்டேன், அவங்கம்மா எதுக்குன்னுகூட கேக்காம கோப்பி கலக்கி குடுத்தாங்க.

சிலுவை இப்ப மெல்பர்ன்ல என் மேசை டிராயர்ல இருக்கு. போன வருஷம் சின்ன மக பரீட்சைக்கு எடுத்துட்டு போறேன்னு கேட்டா. தாத்தா செஞ்சதும்மான்னு கையில குடுத்து பாக்க சொன்னேன், திரும்ப வாங்கி உள்ள வச்சிட்டு, ரெண்டு பேரும் ஒக்காந்து ஜெபம் பண்ணிட்டு கார எடுத்தோம்.