ரோஸ் சீட்டுக்கு ஆள் சேர்ப்பது: ஊராட்சித் தேர்தல் நாட்குறிப்பு

8 டிசம்பர் 2019, ஞாயிறு

தமிழ்நாட்டில் ஒன்பது மாவட்டங்கள் நீங்கலாக மற்ற 27 மாவட்டங்களிலும் ஊரகத் தேர்தல் உறுதியாகிவிட்டது. ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு நிற வாக்குச் சீட்டு; அதுதான் ரோஸ் சீட்டு. அதற்கு நிற்பவருக்கான குறிப்பு இது. நாளை முதல் 16 வரை மனுத் தாக்கல், 27இல் முதல் கட்டம், 30இல் இரண்டாம் கட்டம்.

2011இல் ஜெயித்த ஊராட்சித் தலைவர்களின் காலம் 2016 அக்டோபரோடு முடிந்தது. அதன் பிறகு மூன்று வருடமாகத் தலைவருக்குப் பதில் அரசு அதிகாரியான தனி அலுவலரின் நிர்வாகம். மறுபடி நிற்கும் தலைவருக்கு இதில் ஒரு லாபம்: இந்த மூன்று வருடத்துக் குடிநீர்ப் பஞ்சத்தை அவர் தலையில் கட்ட முடியாது. நஷ்டம், அவர் போட்ட சிமென்ட் ரோடும் இதற்குள் பெயர்ந்திருக்கும்.

இன்றைய வேலை வாக்காளர் பட்டியல். வார்டு வார்டாகப் பிரித்து, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் மூன்று குறி: நமக்கு, எதிருக்கு, தெரியாது. குறி போட வேண்டியது தலைவர் அல்ல, அந்தத் தெருக்காரர். தலைவர் போட்டால் எல்லோரும் "நமக்கு" ஆகிவிடுவார்கள்.

11 டிசம்பர், புதன்

வீடு வீடாகப் போனால் முதலில் வருவது பழைய கணக்கு. விலையில்லா ஆடு, பசுமை வீடு இரண்டுக்கும் பயனாளி பட்டியல் கிராம சபை வழியாகப் போனது. கிடைத்தவர்கள் அரசாங்கம் கொடுத்தது என்பார்கள். கிடைக்காதவர்கள் தலைவர் கொடுக்கவில்லை என்பார்கள். இதற்கு விளக்கம் சொல்லிப் பயனில்லை. கோபமாக இருக்கும் வீட்டுக்குத் தலைவர் தனியாகப் போக வேண்டும், கூட்டத்தோடு போகக் கூடாது. பத்துப் பேர் நிற்கும்போது எவரும் மனத்தாங்கலைச் சொல்ல மாட்டார்கள். "பார்த்துக்கலாம்ப்பா" என்று அனுப்பிவிடுவார்கள். அந்த வார்த்தை வந்தால் பட்டியலில் "எதிருக்கு" என்று போடுங்கள்.

13 டிசம்பர், வெள்ளி

மனு வேலை. தலைவர் பதவிக்கு டெபாசிட் 600 ரூபாய், வார்டு உறுப்பினருக்கு 200. பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்குப் பாதி. வீட்டு வரி, குடிநீர்க் கட்டணப் பாக்கியைக் கட்டி ரசீதை முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். வார்டு வேட்பாளரை முன்மொழிபவர் அதே வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். பக்கத்துத் தெருதானே என்று கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அந்தத் தெரு அடுத்த வார்டில் இருக்கும். அப்புறம் 17ஆம் தேதி பரிசீலனையில் நின்று புலம்பிப் பயனில்லை.

18 டிசம்பர், புதன்

நாளை மனு வாபஸுக்குக் கடைசி நாள். இன்று இரவுதான் உண்மையான தேர்தல்.

தலைவர் வேட்பாளருக்கு ஆதரவாளர் என்றால் கொடி பிடிப்பவர் அல்ல, வார்டு வேட்பாளர். அவர் தன் ஓட்டைக் கேட்டுப் போகும் வீட்டிலெல்லாம் தலைவர் ஓட்டையும் சேர்த்துக் கேட்பார். ஆனால் ஒரு வார்டில் மூன்று பேர் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவரை "நம்ம ஆள்" என்று அறிவித்த நிமிடமே மற்ற இருவரின் பங்காளி, மாமன் மச்சான் வீட்டு ஓட்டு எதிரணிக்குப் போகும். 2,000 ஓட்டுள்ள ஊராட்சியில் 1,500 பதிவாகி, நான்கு பேர் தலைவருக்கு நின்றால் 600 வாங்கியவர் ஜெயித்துவிடலாம். அந்தக் கணக்கில் ஒரு வகையறாவின் நாற்பது ஓட்டு பெரிய விஷயம்.

எனவே யாரையும் சேர்க்காமல் எல்லோருக்கும் நல்லவராக நிற்கலாமா? ஓட்டுக்கு அது நல்லது, பிறகுதான் சிக்கல். ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுப்பார்கள். உறுப்பினர்கள் விரோதமாக வந்தால் மோட்டார் ரிப்பேருக்குக்கூடப் பணம் எடுக்க முடியாது. எங்கள் அபிப்பிராயம்: ஒன்பது வார்டு என்றால், ஜெயிப்பது உறுதியான ஐந்தில் மட்டும் வெளிப்படையாகக் கை கொடுங்கள். இழுபறியாக இருக்கும் வார்டுகளில் வாயைத் திறக்காதீர்கள்.

பதவியை ஏலம் விட்டுப் போட்டியில்லாமல் முடித்துவிடலாம் என்று கோயில் மண்டபத்தில் பேச்சு எழுந்தால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். அது குற்றம், அங்கே உட்கார்ந்திருந்ததே வழக்குக்குப் போதும்.

19 டிசம்பர், வியாழன்

சின்னம் மாலையில்தான் தெரிந்தது. தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. ஊராட்சி ஒன்றிய, மாவட்ட ஊராட்சி வார்டுகளுக்கு உண்டு. முதல் கட்ட ஊர்களுக்கு இன்றுமுதல் 25 மாலை ஐந்து மணிவரைதான் சின்னத்தைப் பதிய வைக்க நேரம். அச்சகத்தில் முன்பே சொல்லி வைக்காவிட்டால் இரண்டு நாள் அங்கேயே போய்விடும். தலைவருக்குச் செலவு வரம்பு 34,000 ரூபாய். நோட்டீஸும் ஆட்டோ மைக்கும் அதற்குள் அடங்க வேண்டும்.

22 டிசம்பர், ஞாயிறு

வாக்காளர் கையில் நான்கு சீட்டு வரும்: வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். வயதானவர்கள் பச்சையில் கட்சிச் சின்னத்தைப் பார்த்துக் குத்திவிட்டு, மற்றதை அப்படியே மடித்துப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். "ரோஸ் சீட்டு" என்று நிறத்தோடு சேர்த்துச் சின்னத்தைச் சொல்லுங்கள். ஒரே சீட்டில் இரண்டு சின்னத்தில் குத்தினால் செல்லாது. பேனாவால் பேரெழுதினாலும் செல்லாது.

திருப்பூர், சென்னையில் வேலை பார்ப்பவர்களுக்கு இன்றைக்கே போன் போட வேண்டும். பஸ் செலவைத் தருகிறேன் என்று சொல்லாதீர்கள். வாகனம் வைத்து ஓட்டுப்போட அழைத்து வருவதும் தப்பு. அம்மா அப்பாவைப் பேசச் சொன்னால் பிள்ளை வந்துவிடுவான்.

25 டிசம்பர், புதன்

ஐந்து மணிக்கு மைக் நின்றது. நாளை காலை எட்டு மணி முதல் பதினொன்றேகால் வரை சூரிய கிரகணம். கரூர், திண்டுக்கல் பக்கம் வளையமாகவே தெரியும். அதுவரை பெரியவர்கள் வெளியே வர மாட்டார்கள், அடுப்பும் எரியாது. பூத் ஏஜெண்டுகளுக்குச் சொல்ல வேண்டியதை இன்று இரவே சொல்லிவிடுவது உத்தமம்.

2 ஜனவரி 2020, வியாழன்

எண்ணிக்கைக்கு உட்காருபவர் பொறுமைசாலியாக இருக்க வேண்டும். நான்கு நிறமும் ஒரே பெட்டியில் விழுந்திருக்கும். முதலில் நிறம் பிரித்து, பிறகுதான் சின்னம் பிரிப்பார்கள். கட்டுக் கட்டும்போது எதிராளியின் கட்டில் நம் சீட்டு கலந்திருக்கிறதா என்பதை அப்போதே பார்க்க வேண்டும். சாப்பாட்டுக்கு மாற்று ஆள் இல்லாமல் எழுந்து போனவர்கள்தான் பிறகு மறு எண்ணிக்கை கேட்டுக் கத்துகிறார்கள்.

11 ஜனவரி, சனி

இன்று துணைத் தலைவர் தேர்தல். டிசம்பர் 18ஆம் தேதி சொன்னபடி ஐந்து வார்டில் கை கொடுத்த தலைவர்களுக்கு வேலை காலையிலேயே முடிந்திருக்கும். மற்றவர்கள் உறுப்பினர் வீட்டு வாசலில் நிற்கிறார்கள். தேர்தல் செலவுக் கணக்கை 30 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும்; ஜெயித்தவர், தோற்றவர் இருவரும்தான்.