நாரி நோவுக்கு ஊசி குத்தப் போய் நான் பட்ட பாடு: வார்பரின் குடிக்கிற ஆக்கள் கட்டாயம் வாசியுங்கோ

எனக்கு நாரி நோ வந்து ஆறு வருசம். எம்.ஆர்.ஐ, பிசியோ, பெல்ற் எல்லாம் செய்தாச்சு, அதுகளை இங்க எழுதேல்லை. இதயத் துடிப்பு ஒழுங்கில்லாததால நான் வார்பரின் எண்ட, இரத்தம் கட்டிபடாமல் வைச்சிருக்கிற குளிசை குடிக்கிறன். வார்பரின் குடிக்கிற ஆக்களுக்கு டைக்ளோபெனக், இபுப்ரோபென் மாதிரி நோக்குளிசையள் கூடாது, வயித்துக்குள்ள இரத்தம் கசியும். மிச்சம் பனடோல்தான், அது என்ர நாரிக்குக் காணாது. அதாலதான் அக்குபங்சர் எண்டு தேட வெளிக்கிட்டனான்.

டவுனில ஒரு இடத்துக்கு போன் பண்ணினன். எடுத்த பிள்ளை "ஒண்டும் கொண்டு வரத் தேவையில்லை அன்ரி, காசு மட்டும் கொண்டு வாங்கோ" எண்டு சொல்லிச்சு. நான் வார்பரின் குடிக்கிறன் எண்டு சொல்ல, உள்ளுக்கு ஆரையும் கேக்கவும் இல்லை, உடனே "அப்ப மூண்டு நாளைக்கு முதல் நிப்பாட்டிப் போட்டு வாங்கோ" எண்டுது. நானும் மருந்து தெரிஞ்ச ஆக்கள்தானே சொல்லினம் எண்டு நம்பி மூண்டு இரவு குளிசை போடேல்லை. அதை நினைக்க இப்பவும் நெஞ்சு பதறுது.

நல்ல காலம், ஊசிக்குப் போக முதல் நாள் எனக்கு கிளினிக். இரத்தம் எடுத்துப் பாத்தா, இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்குது எண்டு காட்டுற ஐ.என்.ஆர் 1.6. எனக்கு 2க்கும் 3க்கும் இடையில நிக்கோணும். மிசி கொப்பியைப் பாத்திட்டு என்னை நிமிந்து பாத்தா, "ஆர் உங்களை நிப்பாட்டச் சொன்னது?" எண்டு கேட்டா, எனக்கு வாய் வரேல்லை. டொக்டர் இருத்தி வைச்சு விளங்கப்படுத்தினவர்: குளிசை விட்டா இதயத்துக்குள்ள இரத்தம் கட்டிபட்டு அது மூளைக்குப் போய் அடைச்சா பாரிசவாதம், ஆனா அக்குபங்சர் ஊசி மயிர் மாதிரி மெல்லிசு, ஐ.என்.ஆர் சரியா நிண்டா வார்பரினை நிப்பாட்டத் தேவையில்லை, ஆழமாக் குத்த வேண்டாம், குத்திற ஆளுக்குக் கட்டாயம் சொல்லோணும் எண்டு. நான் உதை ஒரு துண்டில எழுதித் தாங்கோ எண்டு கேட்டு வாங்கினனான். நீங்களும் கேட்டு வாங்குங்கோ.

ஐ.என்.ஆர் திரும்ப ஏறினாப் பிறகு லீவு போட்டு, நெல்லியடியில 750 பஸ் ஏறி அந்த இடத்துக்குப் போனன். துண்டைக் குடுத்தன், வாங்கி மேசையில வைச்சவை, ஒருத்தரும் வாசிக்கேல்லை. கட்டிலில படுக்கச் சொல்லிப் போட்டு ஊசி எடுக்கினம், திறந்த தட்டில பஞ்சுக்கு மேல அடுக்கிக் கிடக்கு. பக்கெற் எங்க எண்டு கேட்டன். "ஸ்பிரிட்டில போட்டதுதான் அம்மா" எண்டினம். நான் எழும்பிச் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளிய வந்திட்டன். ஸ்பிரிட்டால துடைச்சா ஈரல் அழற்சிக் கிருமி போகும் எண்டு நினைக்காதேங்கோ. ஒருக்காப் பாவிச்சு எறியிற ஊசி, சீல் பண்ணின பக்கெற், அதையும் உங்கட கண்ணுக்கு முன்னால பிரிக்கோணும். கேக்க வெக்கப்படாதேங்கோ. மருத்துவச் சபையிலயோ ஆயுர்வேத மருத்துவச் சபையிலயோ பதிஞ்ச ஆளோ எண்டும் கேளுங்கோ.

இரண்டாவது இடம் ஒரு மாசம் கழிச்சுக் கிடைச்சுது. அந்த டொக்டர் என்ர கிளினிக் கொப்பியை முதல் பக்கத்திலயிருந்து வாசிச்சவ. அப்பவே எனக்கு அரைவாசி நோ போனமாதிரி. ஊசி இறங்கேக்க நுளம்புக் கடியளவுதான், பேந்து உள்ளுக்க ஒரு பாரமான இழுவை வருது, அது வரத்தான் வேணுமாம். எடுக்கேக்க ஒவ்வொரு இடத்தையும் பஞ்சால அமத்தி இரண்டு நிமிசம் மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு பிடிச்சவ, ஒரு துளி இரத்தம் மட்டும்தான். முதல் நாள் வெள்ளிக்கிழமை விரதத்தோட போனதால எழும்பேக்க தலை சுத்தி இருந்திட்டன். வெறும் வயித்தோட போகாதேங்கோ, இது முக்கியம்.

லண்டனில இருக்கிற தம்பி சண்டைக்கு வந்தவன். அங்க 2016ல, எந்த நோய்க்கு என்ன வைத்தியம் குடுக்கலாம் எண்டு சொல்லுற நைஸ் (NICE) எண்ட அமைப்பு நாரி நோவுக்கு அக்குபங்சர் குடுக்க வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டுதாம். உண்மைதான். ஆனா 2017ல அமெரிக்க மருத்துவர் கல்லூரி நாள்பட்ட நாரி நோவுக்கு மருந்துக்கு முதல் செய்து பாக்கலாம் எண்டு சொன்ன பட்டியலில அக்குபங்சரும் இருக்கு, தசையைத் தளர்த்திற பயிற்சியும் இருக்கு. அதை அவனுக்கு அனுப்பினன், பேந்து கதைக்கேல்லை.

அந்தத் தளர்வுப் பயிற்சிதான் எனக்குக் காசில்லாமல் கிடைச்ச மருந்து. எட்மண்ட் ஜேக்கப்சன் எண்ட அமெரிக்க டொக்டர் கண்டுபிடிச்சது. இரவில பாயில படுத்து, கையைப் பொத்தி ஐஞ்சு எண்ணுமட்டும் இறுக்கி, அப்பிடியே விட்டு அரை நிமிசம் சும்மா கிடக்கோணும், பேந்து தோள், வயிறு, கால். நாரியை மெல்லமா இறுக்குங்கோ, மூச்சை அடக்காதேங்கோ. சண்டைக் காலத்தில யாழ்ப்பாணத்து மனநல டொக்டர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் ஆக்கள் சைவருக்கு மந்திரம், வேதக்காரருக்கு செபம் எண்டு அவரவர்ர சமயத்தில இருக்கிறதையே தளர்வுக்குச் சொல்லிக் குடுத்தவை, நான் மூச்சு விடேக்க "சிவ சிவ" சொல்லுறன். முதல் இரண்டு கிழமை ஒண்டும் தெரியேல்லை, விட்டிடாதேங்கோ. மூண்டாம் கிழமை நடுச்சாமத்தில நோவால முழிக்காமல் விடியுமட்டும் நித்திரை கொண்டனான்.

எட்டுத் தரம் ஊசி முடிஞ்சுது. நோ முழுக்கப் போகேல்லை, ஆனா குனிஞ்சு முத்தம் கூட்டுறன், நெல்லியடியில ஏறினா டவுன்மட்டும் சீற்றில இருந்தே போறன், முந்தி அச்சுவேலி வர முதலே எழும்பி நிப்பன். ஊசியோ பயிற்சியோ எது வேலை செய்தது எண்டு என்னால பிரிச்சுச் சொல்லேலாது.

போன கிழமை கிளினிக். ஐ.என்.ஆர் 2.4. மிசி கொப்பியில எழுதிப்போட்டு "நிப்பாட்டேல்லைத்தானே?" எண்டு கேட்டா. ஒரு இரவும் விடேல்லை எண்டு சொன்னன்.