துணைநூற்பட்டியலில் விக்கிப்பீடியா

முனைவர் பட்ட மாணவி ஒருவரின் ஆய்வேட்டைக் கடந்த வாரம் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு கண்மாயைப் பற்றிய பத்திக்கு அடிக்குறிப்பாக ‘விக்கிப்பீடியா’ என்ற ஒற்றைச் சொல் மட்டும் இருந்தது. எந்தக் கட்டுரை, என்றைக்குப் பார்த்தது என்ற விவரம் இல்லை. அதை அடித்துவிடச் சொல்வது எளிது. நெறியாளர்கள் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். வாய்மொழித் தேர்வுக்கு அஞ்சும் மாணவர்களும் அடிக்குறிப்பை நீக்கிவிட்டு, செய்தியை மட்டும் தாமே கண்டறிந்தது போல வைத்துக்கொள்கிறார்கள். ‘விக்கிப்பீடியா’ என்று மட்டும் எழுதுவதைவிட இதுவே பெரிய பிழை என்பது என் உறுதியான கருத்து.

தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் வெளியிட்ட கலைக்களஞ்சியத்தை மேற்கோள் காட்டும்போது தொகுதி எண்ணும் பக்க எண்ணும் போதும்; எத்தனை ஆண்டு கழித்து எடுத்துப் பார்த்தாலும் அந்த வரி அங்கேயே இருக்கும். 2001இல் தொடங்கிய விக்கிப்பீடியாவிலோ காலையில் படித்த பத்தி மாலைக்குள் மாறியிருக்கலாம். ஆனால் பழைய வடிவம் பொதுவாக அழிவதில்லை. கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்துக்குச் சென்று, நாம் படித்த நாளின் பதிப்பைத் திறந்தால், அந்தப் பதிப்புக்கு மட்டுமே உரிய நீண்ட எண் ஒன்று இணைய முகவரியில் தெரியும். கட்டுரைத் தலைப்பு, பதிப்பின் தேதி ஆகியவற்றோடு அந்த முகவரியைத்தான் தர வேண்டும். மேற்கோள் காட்டும் முறைகளை வகுத்துத் தரும் அமெரிக்க உளவியல் சங்க (ஏபிஏ) நடைக் கையேட்டின் ஏழாம் பதிப்பும் இத்தகைய நிலையான பதிப்பையே காட்டச் சொல்கிறது.

முகவரி சரியாக இருந்துவிட்டால் செய்தியும் சரியாகிவிடாது. கோவாட்டி என்பது அமெரிக்கக் கண்டங்களில் வாழும், ரக்கூன் குடும்பத்தைச் சேர்ந்த விலங்கு. அதற்குப் ‘பிரேசிலிய ஆர்ட்வார்க்’ என்றும் பெயர் உண்டு என 2008இல் அமெரிக்க மாணவர் ஒருவர் ஆங்கில விக்கிப்பீடியாவில் கற்பனையாக எழுதிச் சேர்த்தார். நாளிதழ்கள் அந்தப் பெயரை எடுத்தாண்டன. பின்னர் அந்த நாளிதழ்ச் செய்தி ஒன்றே விக்கிப்பீடியாவில் அந்தப் பெயருக்குச் சான்றாக வந்து அமர்ந்தது. 2014இல் உண்மை வெளிவரும்வரை, ஒரு பொய் தனக்குத் தானே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

தமிழில் ஆய்வு செய்வோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தமிழ் விக்கிப்பீடியாவில் ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கப்பட்ட கட்டுரைகள் பல உள்ளன. அவற்றின் அடிக்குறிப்புகளும் கூடவே பெயர்ந்து வருவதால், அங்கே குறிப்பிடப்படும் நூலை மொழிபெயர்த்தவர் கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்பதில்லை. நாமும் பார்க்காமல் அந்த நூலின் பெயரை நம் துணைநூற்பட்டியலில் சேர்த்துக்கொள்வது நேர்மையாகாது. படித்தது விக்கிப்பீடியா என்றால் விக்கிப்பீடியாவையே காட்ட வேண்டும். நூலைக் காட்ட விரும்பினால் நூலைத் தேடிப் படிக்க வேண்டும். விக்கிப்பீடியாவில் புழங்கும் கலைச்சொற்களையே ஒருவர் ஆராய்கிறார் என்றால் அவருக்கு அதுவே முதன்மைச் சான்று. அங்கே தயக்கத்துக்கு இடமில்லை.

அந்த மாணவியிடம் அடிக்குறிப்பை அழிக்கச் சொல்லாமல், அது எங்கிருந்து வந்தது என்று பார்க்கச் சொன்னேன். விக்கிப்பீடியாக் கட்டுரை சுட்டிய பழைய மாவட்டக் கையேட்டை அவர் இரண்டு நாள் தேடி, மின்னூலாகக் கண்டெடுத்தார். தேவையான செய்தி அதில் இருந்தது. கூடவே அந்தக் கண்மாயின் மடைகளைப் பற்றிய அரைப்பக்கக் குறிப்பும் இருந்தது. விக்கிப்பீடியாவில் அது இல்லை. அவருடைய மூன்றாம் இயல் இப்போது அந்த அரைப்பக்கத்திலிருந்து தொடங்குகிறது.