ஆறு விழுந்தது

"அப்பா, ஆறு!"

லூடோக் கட்டை ஒன்று, கொப்பித்தாளில் ஆறு வரி. காலையில "அலுக்குது" எண்டு சிணுங்கினவள்தான் எழுதினவள்.

ஆறாவது வரி: முதல் வாற பஸ்ஸில ஏறு.

வந்தது காரைநகர் பஸ். பொன்னாலைப் பாலத்தில ரெண்டு பக்கமும் கடல். மீன் பிடிக்கக் கடலுக்க நட்ட களங்கண்டிக் கம்பொன்றில நீர்க்காகம் செட்டையை விரிச்சுக் காயவிட்டபடி. மகள் ஜன்னல் கம்பியை விடவேயில்லை.

யாழ்ப்பாணத்தில பிறந்து பத்து வயசு. இண்டைக்குத்தான் இந்தப் பாலத்தைப் பார்க்கிறாள்.

பிறகு போகலாம், பிறகு போகலாமெண்டு தள்ளிப்போட்டது நான்தான். கட்டைக்கு அந்தச் சாட்டெல்லாம் தெரியாது. விழுந்தா விழுந்ததுதான்.

திரும்பி வரேக்க கட்டை அவளின்ர கைக்குள்ள வேர்த்துக் கிடந்தது.

"அப்பா, நாளைக்கு ஒண்டு விழோணும்."

முதலாவது வரி: அப்பம்மாவிட்ட ஒரு பழைய கதை கேள்.