கோழியும் நண்டும் நடத்தும் சூறாவளிப் பாடம்

1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பைப் புரட்டிப் போட்ட சூறாவளியை நம் சங்கத்தின் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நமக்குக் கிடைத்த வானிலைப் பாடமோ ‘எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை’, ‘தட்டான் தாழப் பறந்தால் மழை’ என்று ஒப்பித்ததோடு முடிந்தது. மழை வரும் என்பது சரி. காற்று வந்தால் எங்கே ஒதுங்குவது? விலங்குப் பொம்மைகளை வைத்துக் கதை நடத்தியே அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.

அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவையிடம் ஔலி என்ற ஆந்தையும், இடி கேட்டதும் உள்ளே போகச் சொல்லும் லியோன் என்ற சிங்கமும் இருக்கின்றன. நல்ல பாத்திரங்கள்தான். ஆனால் ஆந்தை அலறினால் அபசகுனம் என்று நினைக்கும் வீடுகளில் அதன் புத்திமதி ஏறாது. ஊர்ப் பிள்ளைகளுக்குக் கோழியும் நண்டும் போதும்.

முதல் இடி கேட்டதுமே கோழி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு கல்வீட்டுக்குள் போக வேண்டும். மரத்தடியும் கிடுகுக் கொட்டிலும் ஆகாது. கடைசி இடி முழங்கி 30 நிமிடம் கழிந்த பிறகே வெளியே வரலாம். மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணிப் பார்ப்பது பிள்ளைகளுக்குப் பிடித்த விளையாட்டு: மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீற்றர். ‘இன்னும் தூரத்தில்தானே’ என்று முற்றத்தில் நிற்க அதுவே சாக்காகிவிடும். இடி காதில் விழுந்தாலே மின்னல் எட்டும் தூரம் என்பதைக் கோழி வாயால் சொல்ல வைக்க வேண்டும்.

நண்டுக்குரியது சூறாவளியின் கண், அதாவது காற்று ஓய்ந்திருக்கும் அதன் நடுப்பகுதி. எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தப் பகுதிதான். காற்று திடீரென ஓய்ந்ததும் வளையை விட்டு எட்டிப் பார்த்து, முடிந்துவிட்டதென்று நண்டு வெளியே ஓடுகிறது. பெரியவர்களே ஏமாறும் இடம் இது. நிலத்தில் நாலு மீற்றர் அகல வட்டம் கீறி, பிள்ளைகளைக் கைகோத்து இடஞ்சுழியாக (கடிகார முள்ளுக்கு எதிராக) நடக்க விடுங்கள்; அவர்கள்தான் காற்று. அட்டை வீடொன்றைக் கயிற்றில் கட்டி, மேற்கு ஓரத்திலிருந்து நடுவழியாகக் கிழக்கே இழுங்கள். மேற்கு ஓரத்தில் பிள்ளைகள் வடக்கிலிருந்து வந்து வீட்டை உரசிப் போவார்கள். நடுவில் ஒருவர் கையும் படாது. கிழக்கு ஓரத்தில் தெற்கிலிருந்து வந்து மோதுவார்கள். அமைதிக்குப் பிறகு காற்று எதிர்த்திசையில் திரும்புவது ஏன் என்று ஏழு வயதுப் பிள்ளைக்கும் இதில் விளங்கும்.

நண்டு அடிபட்டுச் சாவதாகக் காட்ட வேண்டாம். கோழி கூப்பிடத் திரும்பி ஓடி வரட்டும். செத்த நண்டைப் பார்த்த பிள்ளை பயந்து இரவில் தூங்காது. திருந்திய நண்டைப் பார்த்த பிள்ளையோ அதைப் போல நடந்துகொள்ளும். விலங்குகளுக்குப் புயல் முன்பே தெரியும் என்ற கதையும் கூடாது. நாய் குரைக்கவில்லையே என்று ஒரு பிள்ளை வீட்டிலேயே இருந்துவிடலாம். கதையிலும் கோழி வானொலி எச்சரிக்கையைக் கேட்டே கிளம்ப வேண்டும்.

வடகீழ்ப் பருவக்காற்றுக்கு முன் செப்டெம்பரில் ஒருமுறை, நவம்பர் தொடக்கத்தில் மறுமுறை நடத்தினால் நல்லது. பொம்மைக்குப் பழைய காலுறையும் பொத்தானும் போதும். சங்கம் உதவ விரும்பினால் பாடசாலையின் ஆரம்பப் பிரிவுக்கு ஒரு பற்றரி வானொலி வாங்கிக் கொடுக்கலாம். பற்றரிகளைக் கழற்றித் தனியே வைக்கச் சொல்லுங்கள். உள்ளேயே கிடந்தால் கசிந்து, தேவைப்படும் நாளில் வானொலி பேசாது.